துணிக்கு அந்தப் பக்கம்

சந்திரகாந்தியைப் பற்றி எழுத உனக்கு என்னடா தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அவள் வாயில் மண்ணைப் போடப் பார்த்தவன் நான். அதனால்தான் நானே எழுதுகிறேன். வேறு யாரும் எழுதினால், போனால் போகட்டும் என்று என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிவிடுவார்கள்.

1978. பதுளை பஸார் வீதியில் என் வாப்பா மொஹிதீனுக்குப் புடவைக்கடை. எனக்குப் பத்தொன்பது வயது, பெயர் புவாத், கையில் எந்நேரமும் கெஜக்கோல். காலையில் கடைப் பலகைகளைக் கழற்றினால் பொழுது சாயும்வரை அளப்பதும் கிழிப்பதும் மடிப்பதும்தான். இந்தத் துணிக் கட்டுகளுக்கு நடுவிலேயே கிழவனாகிவிடுவேனோ என்று எனக்கு ஒரே பயம். அப்போதுதான் வாசிகசாலைச் சுவரில் ஓர் அறிவித்தல் பார்த்தேன். திரைப்பட, ஊடக வகுப்பு, சனிக்கிழமை காலை ஒன்பது மணி, கட்டணம் இல்லை. கீழே இன்னொரு வரி: ஒப்படைகளில் கூடிய புள்ளி எடுக்கும் ஒருவர் மூன்று மாதப் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பப்படுவார், தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. அந்தக் கடைசி வரிக்காகத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன்.

பேக்கரிக்கு மேலே ஒரு நீட்டு அறை. பாண் வேகும் வாசனையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். நடத்தியவர் சிதம்பரநாதன் சேர். கொழும்பில் வானொலியில் பத்து வருடம் இருந்துவிட்டு நெஞ்சு நோயோடு பதுளைக்குத் திரும்பியவர். நடிகைகள் கதை ஏதாவது சொல்வார் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தோம். மனுஷன் ஒப்படைக்கு மேல் ஒப்படையாகத் தந்து எங்கள் முதுகை முறித்தார்.

முதல் ஒப்படை, பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்று, கேட்டதை எழுதுவது. இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று திட்டிக்கொண்டே போய் நின்றேன். 'வெலிமடை, வெலிமடை' என்று கத்துகிற கொண்டக்டருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பஸ் கூரையிலிருந்து முட்டைக்கோவா மூட்டை விழுகிற சத்தம் வேறு, லீக்ஸ் கட்டு விழுகிற சத்தம் வேறு. பிறந்ததிலிருந்து அதே இடத்தில் நடமாடியும் இது ஒன்றும் என் காதில் விழுந்ததில்லை. கண்ணைத் திறந்தபோது எனக்குப் புல்லரித்தது.

இரண்டாவது, ஓர் அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டி அதன் வழியாகப் பழகின ஓர் இடத்தைப் பார்ப்பது. நான் எங்கள் கடையைப் பார்த்தேன். ஓட்டைக்குள் வாப்பா தெரிந்தார். மூக்குக்கண்ணாடியைச் சாரத்தின் நுனியில் துடைத்தார். ஏற்கெனவே அடுக்கிய துணியைக் கலைத்துத் திரும்ப அடுக்கினார். வாசலைப் பார்த்தார், யாரும் வரவில்லை, இன்னொரு தரம் அடுக்கினார். சுப்ஹானல்லாஹ்! தினமும் என்னைத் திட்டித் தீர்க்கிற அந்த மனுஷனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஓர் ஓட்டைக்கு இவ்வளவு சக்தியா என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

ஆனால் எத்தனை புல்லரித்து என்ன, ஒவ்வொரு ஒப்படையிலும் எனக்கு இரண்டாமிடம்தான். முதலிடம் சந்திரகாந்திக்கு.

பசறை வீதியில் எட்டாம் கட்டைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்துப் பெண். வயது பதினேழு, பத்தாம் வகுப்பு முடித்தவள். தகப்பன் இல்லை. தாய் வடிவம்மா கொழுந்தெடுப்பவர். தாவணித் தலைப்பை இவள் மட்டும் வலது தோளில் போட்டிருப்பாள். எங்கள் வகுப்புப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். என்ன கட்டு இது என்று ஒருத்தி கேட்டபோது, "சினிமாக் கட்டு. எங்க தோட்டத்துல பொண்ணுங்க எல்லாம் இப்படித்தான்" என்றாள் பெருமையாக. பட்டிக்காடு என்று நான் மனதுக்குள் முத்திரை குத்தினேன்.

ஆனால் அந்தப் பட்டிக்காடு எழுதுவதை சேர் வாசிக்கும்போது அறையே அடங்கிவிடும். கண்ணை மூடி அவள் கேட்டது கொழுந்து நிறுக்கும் இடத்தை. 'தராசு பேசாது. கணக்கப்பிள்ளைதான் தராசுக்கும் சேர்த்துப் பேசுவார்' என்று எழுதியிருந்தாள். சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் படியிறங்கும்போது அவளே சொன்னாள். "பங்குனித் திருவிழா முடிஞ்சு வர்ற திங்கக்கெழம செக்ரோல்ல எம் பேரு பதியிறாங்க. கொழும்பு கெடச்சா தப்பிச்சேன். இல்லாட்டி கொழுந்துக் கூடதான்."

செக்ரோல் என்பது தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவேடு. அதில் பெயர் ஏறிவிட்டால் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும், பெயர் கூப்பிட்டதும் கூடையோடு மலை ஏற வேண்டும். அவள் தாய்க்கு அப்படித்தான் பதினாறு வயதில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. இதையெல்லாம் அவள் அழுது சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் கொழும்பு வேண்டுமே.

நான்காவது ஒப்படைதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. நம் பக்கத்துத் தியேட்டர்களிலும் தோட்டம் தோட்டமாகப் போகிற படவண்டியிலும் அடிக்கடி காட்டுகிற பழைய படம் ஒன்றிலிருந்து ஒரு கட்டம். மழையில் நனைந்து வீடு வருகிற அண்ணன், காய்ச்சலில் கிடக்கிற தங்கைக்குச் சோறு ஊட்டுவான். யாரும் திரும்பப் போய்ப் பார்க்கக் கூடாது. நினைவிலிருந்து, ஒவ்வொரு காட்சித் துண்டாக, எது எந்தப் பக்கம், எந்தக் கை, எங்கே விளக்கு என்று எழுதவேண்டும். எழுதிக் கொடுத்தபின் ஒரு சனிக்கிழமை காலையில் தியேட்டருக்கே கூட்டிப் போனார். ஓப்பரேட்டர் ஜெயராசா அந்த ஒரு சுருளை மட்டும் எங்களுக்காக ஓட்டினார். அவரவர் தாளை வைத்துச் சரிபார்த்தோம்.

நான் பதினேழு துண்டு எழுதியிருந்தேன், அதில் பன்னிரண்டு சரி. மற்றவர்கள் அதிலும் குறைவு. சந்திரகாந்தி நாற்பத்தொரு துண்டு எழுதியிருந்தாள். கூரை ஒழுகுகிற இடம், சட்டியில் சொட்டு விழுவது, பின்னால் ஒருமுறை மட்டும் ஓடுகிற பூனை, ஒன்று விடாமல். ஆனால் ஒவ்வொன்றும் பக்கம் மாறிக் கிடந்தது. வலப்புற விளக்கை இடப்புறம் என்றும், இடப்புறக் கதவை வலப்புறம் என்றும் எழுதியிருந்தாள். சேர் உரத்து வாசித்தார். "அண்ணன் இடது கையால் சோற்றைப் பிசைந்து தங்கைக்கு ஊட்டுகிறான்."

தியேட்டரே அதிரச் சிரித்தோம். இடது கையால் சோறா, ச்சீ! சந்திரகாந்தி சிரிக்கவில்லை. வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர், தியேட்டர்லதான் படத்தத் தப்பா மாத்திப் போட்டிருக்காங்க" என்றாள்.

சிரிப்பு இரட்டித்தது. அப்போது நான் எழுந்தேன். என் புத்தியை என்ன சொல்ல! "சேர், இவங்க படம் பார்க்கவே இல்ல. பார்த்த ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்து நடிச்சுக் காட்டியிருக்கார். எதிர்ல இருக்கிறவருடைய வலது கை நமக்கு இடது பக்கம்தானே தெரியும்? அதைப் பார்த்து அப்படியே எழுதியிருக்காங்க."

கெட்டிக்காரத்தனமான பேச்சு. எல்லாரும் தலையாட்டினார்கள். சேரின் முகம் கறுத்துப் போனது.

"உண்மையாம்மா? எங்கே பார்த்தீங்க?"

"தோட்டத்துல சேர், பொங்கலுக்கு. நாந்தான் பார்த்தேன், எங்க அம்மா மேல சத்தியமா."

"பார்த்திருந்தா ஒண்ணாவது நேரா இருக்குமே. ஒண்ணுகூட இல்லையே."

சேர் தாளில் சிவப்பு மையால் பூச்சியம் போட்டார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் வகுப்புக்கு வரவில்லை. புள்ளிப் பட்டியலில் நான் முதலாவதாக ஏறினேன். முடிவை அறிவிக்கும் நாள், திருவிழா முடிகிற கையோடு வருகிற சனிக்கிழமை.

அந்த வாரம் புதன்கிழமை, எட்டாம் கட்டைத் தோட்டத்து நல்லையா கங்காணி கடைக்கு வந்தார். திருவிழாவுக்குப் படவண்டி வருகிறதாம், திரை கட்ட வெள்ளைத் துணி வேண்டுமாம். வழக்கமாக அவர்களுக்குக் கொடுக்கிற துணியை எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தேன்.

"தம்பி, நல்லா மெல்லிசா குடுங்க" என்றார் கங்காணி. "ஒரு வருசம் தடிப்பாக் குடுத்துட்டீங்க. எங்க பொம்பளைங்க கத்துன கத்து இருக்கே, அப்பப்பா! அவுங்க பக்கம் ஒண்ணுமே தெரியல."

"அவங்க பக்கமா? எது?"

"துணிக்கு அந்தப் பக்கம் தம்பி. மிசினு இருக்கிற பக்கம் தொரைமாரு, கிளாக்கரய்யா, ஆம்பளைங்க. அந்தப் பக்கம் பொம்பளைங்க, புள்ளைங்க. எப்பவும் அப்படித்தானே."

துணி என் கையில் பாதி கிழிந்தபடி நின்றது. வருடாவருடம் அந்தத் துணியை அளந்து கொடுத்தது நான். ரெண்டு பக்கமும் தெரியணும் என்று அவர்கள் கேட்பதைக் கேட்டுக் கேட்டே மெல்லிய துணியாகப் பார்த்துக் கொடுத்ததும் நான். யா அல்லாஹ், காது இருந்து என்ன பிரயோசனம்!

"என்னடா மகன், பேய் பிடிச்ச மாதிரி நிக்கிற? கிழி" என்றார் வாப்பா.

வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறி எட்டாம் கட்டையில் இறங்கி மலை ஏறினேன். பெரட்டுக் களத்தில் இரண்டு மூங்கிலை நட்டு எங்கள் கடைத் துணியைக் கட்டியிருந்தார்கள். ஆண்கள் பக்கம் பெஞ்சும் நாற்காலியும் நிறைந்திருந்தது. நான் துணியைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். முந்நூறு பெண்கள் இருக்கும், சாக்கு விரித்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து துணியில் வீசி அடித்தார்கள். நனைந்தால் இந்தப் பக்கம் படம் துலக்கமாகத் தெரியுமாம்.

"ஆம்பளைங்க பக்கம் எடமில்லையா தம்பி?" என்று கேட்ட அம்மாவுக்குப் பக்கத்தில் சந்திரகாந்தி இருந்தாள். வடிவம்மா அவர்தான்.

"இங்கேயே இருக்கிறேன் அம்மா."

சந்திரகாந்தி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சிரிச்சது போதலையா? மிச்சத்தச் சிரிக்க வந்தீங்களா?"

நான் அவர்கள் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். படம் ஆரம்பித்தது. ஈரத் துணியில் முகங்கள் மினுமினுத்தன. ஒரு கல்யாணப் பந்தி. அத்தனை பேரும் இடது கையால் சாப்பிட்டார்கள். பெண்கள் அத்தனை பேர் சேலையும் வலது தோளில்.

"அம்மா, எல்லாரும் இடது கையால சாப்பிடுறாங்களே?" என்று கேட்டேன்.

வடிவம்மா என்னை விவரம் கெட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சினிமாக்காரவுங்க அப்படித்தான் தம்பி. நமக்கெல்லாம் அது ஆகாது, அவுங்களுக்கு அதுதான் நாகரிகம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை வருடமாக இத்தனை பெண்கள், பகலெல்லாம் மலை ஏறி இறங்கி, துணியின் பின்புறம் உட்கார்ந்து, கிடைத்ததை வைத்து ஓர் உலகத்தையே ஒழுங்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பிசகும் இல்லை. பிசகு எங்களிடம்தான் இருந்தது.

"சந்திரகாந்தி, கொஞ்சம் எழும்பி வாங்க. அந்த மூங்கில்கிட்ட மட்டும்."

"எதுக்கு?"

"உங்க நாற்பத்தொண்ணும் சரி. வந்து பாருங்க."

தாயைப் பார்த்தாள். அவர் போ என்று கையசைத்தார். திரையின் ஓரத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்று அந்தப் பக்கம் தலையை நீட்டினாள். பிறகு இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். ஒரே மனிதன் அங்கே வலது கையால் மாலையை எடுத்தான், இங்கே இடது கையால் எடுத்தான்.

"படத்துல வர்ற எழுத்து மட்டுந்தான் திரும்பித் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக. "மனுசன் எப்படித் திரும்புவான், மொகம்தான் நம்மளப் பார்த்துக்கிட்டு இருக்கேன்னு..." சொல்லி முடிக்காமல் அழுதாள். கொஞ்ச நேரத்தில் அழுகையோடே சிரிப்பும் வந்துவிட்டது.

ஒரே தடவை பார்த்து அவ்வளவையும் எப்படி எழுதினாள் என்று கேட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் ஆளில்லை என்று படத்துக்கு வரமுடியாத பெண்களுக்கு மறுநாள் மலையில் கொழுந்தெடுக்கிற நேரத்தில் கதை சொல்ல வேண்டுமாம். சின்ன வயதிலிருந்தே தாய்க்குத் துணையாக மலைக்குப் போகிறபோதெல்லாம் இவள்தான் சொல்வாளாம். ஒரு பூனையை விட்டுவிட்டாலும் கூடப் பார்த்தவர்கள் பிடித்துக்கொள்வார்களாம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது, கொழும்பு எனக்கு. திறந்தால் கெஜக்கோல். பதுளை விளக்குகள் தெரிகிறவரை இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். நல்லவனாக இருந்திருந்தால் அவ்வளவு நேரம் எடுத்திருக்காது.

சனிக்கிழமை காலை அவளையும் வரச்சொல்லியிருந்தேன். சேர் பட்டியலை வாசிக்க எழுந்தபோது நான் நடந்ததையெல்லாம் கொட்டினேன். சேர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து எங்களைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஜெயராசா, அந்தச் சுருளை இடம் வலம் மாத்திப் போட முடியுமா?"

"போடலாம் சேர். சத்தம் வராது."

"சத்தம் வேண்டாம்."

இருட்டில் படம் ஊமையாக ஓடியது. சேர் அவள் தாளை என் கையில் தந்து, வாசி என்றார். நான் டோர்ச் வெளிச்சத்தில் வாசித்தேன். ஒன்று, கதவு வலப்புறம் திறக்கிறது. திறந்தது. இரண்டு, இடது கையில் கிழிந்த குடை. இடது கையில் குடை. பத்து, பதினைந்து, இருபது. நான் சொல்லச் சொல்லத் திரையில் நடந்தது. என் குரல்தான் அவர்களை நடத்துகிறதோ என்று எனக்கே மயக்கம். இருபத்தெட்டு, பூனை. பூனை ஓடியதும் பின்வரிசையில் யாரோ "அம்மாடியோவ்!" என்றார்கள். முப்பத்தாறு, அண்ணன் இடது கையால் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறான். அன்றைக்குச் சிரித்த பதினொரு பேரும் அங்கேதான் இருந்தோம். நாற்பத்தொன்று, விளக்கு அணைகிறது. அணைந்தது.

சேர் எழுந்து அவள் இருந்த வரிசைக்குப் போனார். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கம்மா. பார்க்கப் படிச்சுக் கொடுக்கிறவன் நான். எங்கே இருந்து பார்த்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்கல்ல."

கொழும்புக்கு அவள் ஒப்படைகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும், இடம் வலத்தைத் திருத்தி எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார்.

"வேணாம் சேர். எங்க பக்கத்துல இருந்து பார்த்தா இதுதான் சரி."

சேர் பூச்சியத்தை அடித்து, பட்டியலில் அவளை முதலாவதாக ஏற்றிவிட்டு, தாளின் தலையில் தன் கையால் ஒரு வரி எழுதினார்: 'திரைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தது.' அப்படியேதான் கொழும்புக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை அவள் கொழும்பில் நிற்க வேண்டும். திங்கட்கிழமை விடியற்காலை ரயில். ஸ்டேஷனுக்கு சேரும் நானும் வாப்பாவும் போனோம். வாப்பா ஒரு பார்சல் கொடுத்தார், இரண்டு தாவணித் துணி. சந்திரகாந்தி ஒரு தகரப் பெட்டியோடு நின்றாள், தலைப்பு இன்னும் வலது தோளில்தான். வடிவம்மா வரவில்லை. பெரட்டுக்கு நிற்காவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள்கூலி, போய்விடும். ரயில் நகரும்போது அவள் என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள். எந்தக் கை என்று பார்த்தேன், பழக்கம் வந்துவிட்டது.

நான் இன்றுவரை கெஜக்கோலோடுதான் இருக்கிறேன். அதற்காக யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம். எட்டாம் கட்டைக்கு ஒவ்வொரு வருடமும் துணி கிழித்துக் கொடுப்பது நான்தான், முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை தோட்டத்தில் நடந்ததை நல்லையா கங்காணி அடுத்த தடவை கடைக்கு வந்தபோது சொன்னார். செக்ரோலில் பெயரை முன்கூட்டி வெள்ளிக்கிழமையே ஏற்றிவிட்டார்களாம். காலைப் பனியில் வரிசையாக எல்லாரும் நிற்க, கிளாக்கரய்யா புதுப் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"சந்திரகாந்தி."

பதில் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்து இன்னொரு தரம் உரக்கக் கூப்பிட்டிருக்கிறார். கூடையை மாட்டிக்கொண்டு நின்ற வடிவம்மா வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாராம்.

"அந்தப் பேரு ரயில்ல போயிக்கிட்டு இருக்குங்கய்யா. அடிச்சிருங்க."